துன்ஹாவுக்குப் போகிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொலம்பியா என்றால் கார்த்தஹேனா, மெதெயின், போகோட்டா என்று மூன்று பெயர்களோடு பட்டியல் முடிந்துவிடுகிறது. நான்காவதாக ஓர் ஊர் வேண்டும், வெளிநாட்டுப் பயணிகள் அதிகம் இல்லாத ஊராக இருக்க வேண்டும் என்று கேட்கிறவர்களுக்கு நான் துன்ஹாவைச் சொல்வேன். சொன்னதும் திரும்பி வரும் கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன்.

துன்ஹா எங்கே இருக்கிறது? பெயரை எப்படிச் சொல்ல வேண்டும்?

போகோட்டாவுக்கு வடகிழக்கே சுமார் 140 கிலோமீட்டரில், ஆண்டிஸ் மலைமேட்டில் இருக்கிறது. போயகா மாநிலத்தின் தலைநகர். 'Tunja' என்ற ஆங்கில எழுத்தைப் பார்த்து 'துஞ்சா' என்று வாசித்துவிடாதீர்கள். ஸ்பானிஷில் 'j' எழுத்துக்கு 'ஹ' ஒலி. 'துஞ்சா' என்றால் நம் தமிழில் தூங்காத ஊர் என்று பொருள் வரும். இதுவோ மாணவர்கள் கூடும் சில மதுக்கடைகளைத் தவிர இரவு ஒன்பதுக்கெல்லாம் கதவைச் சாத்திக்கொள்கிற ஊர்.

அங்கே பார்க்க அப்படி என்ன இருக்கிறது?

ஒரு காண்டாமிருகம் இருக்கிறது. வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

நகரின் மையத்தில் ஹுவான் தே வார்காஸ் என்ற பழைய எழுத்தரின் வீடு அருங்காட்சியகமாக இருக்கிறது. மாடிக்குப் போய்த் தலையை நிமிர்த்தினால், சுமார் 400 ஆண்டுக்கு முன் வரைந்த கூரை ஓவியம். கிரேக்க, ரோமானியத் தெய்வங்கள், குரங்குகள், செடிகொடிகள், யானைகள், நடுவே கவசம் போட்டது போன்ற தோலோடு ஒரு காண்டாமிருகம். வரைந்தவர் காண்டாமிருகத்தை நேரில் பார்த்திருக்க வழியில்லை. அந்தப் படத்தின் வேரைத் தேடிப் போனால் இந்தியாவில் வந்து நிற்கும். குஜராத் சுல்தான் கோவாவிலிருந்த போர்த்துகீசிய ஆளுநருக்கு அனுப்பிய காண்டாமிருகம் கப்பலேறி 1515-ல் லிஸ்பன் போய்ச் சேர்ந்தது. அதைப் பற்றி வந்த கடிதத்தையும் ஒரு கோட்டோவியத்தையும் வைத்துக்கொண்டு ஜெர்மனியில் ஆல்பிரெக்ட் டியூரர் அதை மரச்செதுக்குப் படமாக்கினார். அவரும் நேரில் பார்க்கவில்லை. அந்தப் படம் ஐரோப்பாவில் அச்சுக்கு அச்சு தாவி, ஸ்பானியப் புத்தகங்கள் வழியாகக் கடல் கடந்து, இந்த மலையூரின் கூரையில் ஏறிக்கொண்டது. நம் ஊர் விலங்கை இத்தனை கைமாறி வந்த பிறகு ஆண்டிஸ் மலையில் அண்ணாந்து பார்ப்பது எனக்கு விசித்திரமான அனுபவமாக இருந்தது.

பொலிவார் சதுக்கத்தை ஒட்டி, நகரை 1539-ல் நிறுவிய கொன்சாலோ சுவாரஸ் ரெந்தோனின் வீட்டிலும் இதே மாதிரி கூரை ஓவியங்கள் உண்டு. நேரம் குறைவென்றால் வார்காஸ் வீட்டை மட்டும் பாருங்கள்.

அடுத்தது சாந்த்தா கிளாரா லா ரியல். பழைய கன்னிமடம், இப்போது அருங்காட்சியகம். மேற்கூரையில் பெரிய சூரியன். இந்த மண்ணின் பூர்வகுடிகளான முயிஸ்கா மக்கள் சூரியனை வழிபட்டவர்கள், அவர்களைக் கோயிலுக்குள் இழுக்கத்தான் அந்தச் சூரியன் என்று அங்கே விளக்குவார்கள். 1742-ல் இறந்த ஹோசெஃபா தெல் காஸ்தியோ என்ற துறவி-எழுத்தாளரின் சிற்றறையும் உள்ளே இருக்கிறது. ஓர் ஆள் நீட்டிப் படுத்தால் நிறைந்துவிடுகிற இடம். அப்புறம் சாந்த்தோ தொமிங்கோ தேவாலயத்தின் ரொசாரியோ சிற்றாலயம். சிவப்பும் தங்கமுமாக மரவேலை கண்ணைப் பறிக்கும்.

ஸ்பானியர்களுக்கு முன்பு இங்கே என்ன இருந்தது? அதன் மிச்சம் ஏதாவது உண்டா?

இதுதான் உன்சா, முயிஸ்கா அரசர்களில் ஒருவரான சாக்கேயின் தலைநகர். 1537-ல் ஸ்பானியர்கள் வந்து அரசரைச் சிறைபிடித்தார்கள். கட்டடங்கள் மரமும் மண்ணுமாக இருந்ததால் எதுவும் நிற்கவில்லை. மிஞ்சியவற்றில் ஒன்று 'சாக்கேயின் மெத்தைகள்': பாறையில் செதுக்கிய இரண்டு வட்ட மேடைகள். அரசர் காலைச் சூரியனை வணங்கிய இடம் என்கிறார்கள். பெரிதாக எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். மையத்துக்கு மேலே சரிவில் இருக்கிறது. பகலில் போங்கள், ஏறும்போது டாக்சியில் போய் இறங்கும்போது நடங்கள்.

எத்தனை நாள் ஒதுக்க வேண்டும்?

இரண்டு இரவு. பெரும்பாலானவர்கள் பக்கத்துச் சுற்றுலா ஊரான வில்லா தே லேய்வாவுக்குப் போகிற வழியில் இங்கே வண்டி மாறுவதோடு சரி. காலையில் வந்து மாலையில் கிளம்புகிறவர்கள் மதிய இடைவேளையில் மாட்டிக்கொள்கிறார்கள். 12-லிருந்து 2 வரை அருங்காட்சியகம், அலுவலகம், பல கடைகள் எல்லாம் மூடியிருக்கும். அந்த இரண்டு மணி நேரம் பொலிவார் சதுக்கத்தில் உட்காரலாம் என்றால் அது மரமே இல்லாத பெரிய கல்தரை, காற்று பிய்த்துக்கொண்டு போகும். 'துன்ஹாவில் ஒன்றுமில்லை' என்று சொல்கிறவர்களில் பாதிப் பேர் இந்த இரண்டு மணி நேரத்தைப் பார்த்தவர்கள் என்பது என் கணிப்பு.

போகோட்டாவிலிருந்து எப்படிப் போவது?

பேருந்துதான். விமானச் சேவையை நம்ப வேண்டாம், பயணிகள் ரயிலும் கிடையாது. போகோட்டாவில் சலித்ரே என்ற பெரிய பேருந்து நிலையத்திலிருந்தும், வடக்கு நிலையத்திலிருந்தும் நாள் முழுக்க வண்டிகள் கிளம்பிக்கொண்டே இருக்கும். முன்பதிவு தேவையில்லை, நீண்ட வார இறுதிகளில் மட்டும் கூட்டம் அலைமோதும். இரட்டைச் சாலை, பயணம் இரண்டரை முதல் மூன்று மணி நேரம். நகரின் வடபகுதியில் தங்கியிருந்தால் வடக்கு நிலையத்துக்கே போங்கள், சலித்ரே போய்த் திரும்பினால் போக்குவரத்து நெரிசலிலேயே ஒரு மணி நேரம் போய்விடும்.

ஒரு விஷயத்தில் கவனம். துவித்தாமா, சொகமோசோ என்று அதற்கும் அப்பால் போகிற வண்டிகள் சில, துன்ஹா ஊருக்குள் நுழையாமல் நெடுஞ்சாலை ஓரத்தில் இறக்கிவிட்டுப் போய்விடும். முதல் தடவை என்னை அப்படித்தான் மழையில் ஒரு மேம்பாலத்தடியில் இறக்கிவிட்டார்கள். கையில் பெட்டி, குடை பெட்டிக்குள். ஏறும்போதே 'எந்த்ரா அல் தெர்மினால்?' (நிலையத்துக்குள் போகுமா?) என்று கேட்டுக்கொள்ளுங்கள். நிலையமும் மையத்தை விட்டுத் தள்ளித்தான் இருக்கிறது, அங்கிருந்து டாக்சியோ 'புசேத்தா' என்கிற சிறு பேருந்தோ பிடிக்க வேண்டும்.

விசா, தடுப்பூசி?

இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு விசா வேண்டும். விண்ணப்பம் இணையத்திலேயே போடலாம். செல்லுபடியாகும் அமெரிக்க விசாவோ ஷெங்கன் விசாவோ வைத்திருப்பவர்களுக்குச் சில நிபந்தனைகளோடு விலக்கு உண்டு. விதிகள் மாறிக்கொண்டே இருப்பதால் பயணச்சீட்டு வாங்குமுன் கொலம்பிய வெளியுறவு அமைச்சகத்தின் தளத்தைப் பாருங்கள். விமானம் ஏறுமுன் 'செக்-மிக்' என்ற குடியேற்றப் படிவத்தையும் இணையத்தில் நிரப்ப வேண்டும். அது இலவசம், காசு கேட்கிற தளம் வந்தால் மூடிவிடுங்கள்.

தடுப்பூசியில்தான் நம்மவர்கள் கோட்டை விடுகிறார்கள். துன்ஹா இருக்கிற உயரத்தில் மஞ்சள் காய்ச்சல் கொசுவுக்கு வேலையில்லை. ஆனால் பிரச்சினை திரும்பி வரும்போது வரும். கொலம்பியா மஞ்சள் காய்ச்சல் நாடுகளின் பட்டியலில் இருப்பதால், அங்கிருந்து கிளம்பி ஆறு நாளுக்குள் இந்தியாவில் இறங்குகிறவர் தடுப்பூசிச் சான்றிதழ் காட்ட வேண்டும். இல்லையென்றால் தனிமை முகாமில் உட்கார வைத்துவிடுவார்கள். இலங்கையும் இந்தச் சான்றிதழைக் கேட்கிறது. ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும், பிறகு ஆயுளுக்கும் போதும். சென்னையில் கிண்டி கிங் நிலையத்தில் போடுகிறார்கள். எல்லா ஊசி மையத்திலும் கிடைக்காது என்பதால் கடைசி வாரத்துக்குத் தள்ளிப் போடாதீர்கள்.

குளிர் எப்படி இருக்கும்? மூச்சு வாங்குமா?

துன்ஹா சுமார் 2,800 மீட்டர் உயரம். ஊட்டியை விட ஐந்நூறு மீட்டருக்கு மேல் கூடுதல். பூமத்திய ரேகைக்குப் பக்கம் என்பதால் கோடை, குளிர்காலம் என்ற பிரிவு இல்லை. வருடம் பூராவும் சராசரி 13 டிகிரியை ஒட்டி இருக்கும். பகலில் வெயில் சுள்ளென்று அடிக்கும், நிழலுக்குப் போனால் நடுங்கும், மாலை நாலு மணிக்கு மழை வரும். எல்லாம் ஒரே நாளில். ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பர் மழை அதிகம். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வானம் தெளிவு, ஆனால் விடியற்காலை உறைபனி வரை போகும்.

உள்ளே பனியன், மேலே சட்டை, அதற்கு மேல் ஸ்வெட்டர், கடைசியில் காற்றும் மழையும் புகாத மேல்கோட்டு என்று அடுக்கிக்கொள்ளுங்கள். கட்டடங்களுக்குள் வெப்பமூட்டி கிடையாது என்பதை மறக்க வேண்டாம். வெளியே இருப்பதை விட அறைக்குள் குளிர் தெரியும்.

மூச்சு வாங்கும், குறிப்பாக மேட்டுத் தெருக்களில். முதல் நாள் லேசான தலைவலி வரலாம். தண்ணீர் நிறையக் குடியுங்கள், மதுவை இரண்டாம் நாளுக்குத் தள்ளுங்கள். இதய, நுரையீரல் தொல்லை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுக் கிளம்புவது நல்லது.

எங்கே தங்குவது?

பொலிவார் சதுக்கத்திலிருந்து நாலைந்து தெருவுக்குள். வடக்கே பெரிய வணிக வளாகங்களும் புது விடுதிகளும் இருக்கின்றன, ஆனால் அங்கே தங்கினால் எந்த நகரத்திலும் தங்கியது மாதிரிதான். பதிவு செய்யும்போது இரண்டு கேள்வி: வெந்நீர் நாள் முழுக்க வருமா? கூடுதல் போர்வை கிடைக்குமா? 'கோபிஹா' என்று கேட்டால் கம்பளி கொண்டுவந்து தருவார்கள். கழிப்பறைக் காகிதத்தைத் தொட்டியில் போடாமல் பக்கத்துக் கூடையில் போடுவதுதான் அங்கே வழக்கம். மின்சாரம் 110 வோல்ட், தட்டைக் கம்பி பிளக். நம் ஊர் சார்ஜருக்கு மாற்றி தேவைப்படும்.

ஸ்பானிஷ் தெரியாது. சமாளிக்க முடியுமா?

ஆங்கிலம் பேசுகிறவர்களைத் தேடத்தான் வேண்டும். பல்கலைக்கழக மாணவர்கள் கொஞ்சம் பேசுவார்கள். போனில் மொழிபெயர்ப்புச் செயலியை இணையமில்லாமலும் வேலை செய்கிற மாதிரி இறக்கிக்கொண்டு போங்கள்.

ஆனால் ஒரு சொல்லைக் கட்டாயம் கற்றுக்கொள்ளுங்கள்: 'சுமெர்சே'. பழைய ஸ்பானிஷில் 'தங்கள் கருணை' என்ற பொருளில் பெரிய மனிதர்களை அழைத்த சொல் தேய்ந்து தேய்ந்து இப்படி ஆகியிருக்கிறது. போயகாவில் தாய் குழந்தையையும் 'சுமெர்சே' என்பாள், கடைக்காரர் உங்களையும் 'சுமெர்சே' என்பார். நம் பக்கத்தில் சின்னப் பிள்ளையைக்கூட 'வாங்க, போங்க' என்று கொஞ்சுவார்களே, அந்த மரியாதையும் அந்தப் பிரியமும் ஒன்றாகக் கலந்த சொல். நீங்கள் ஒருமுறை திருப்பிச் சொல்லிப் பாருங்கள், எதிரே இருப்பவர் முகம் மலர்ந்துவிடும். பெரியவர்களைப் பெயருக்கு முன்னால் 'தோன்', 'தோன்யா' சேர்த்துக் கூப்பிடுங்கள்.

கடையில் காப்பி கேட்கும்போது 'ரெகாலேமே உன் டின்ட்டோ' என்பார்கள். சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'ஒரு கறுப்புக் காப்பியைப் பரிசாகக் கொடுங்கள்'. யாரும் சும்மா தருவதில்லை, காசு கொடுக்க வேண்டும். கேட்கிற பணிவு மட்டும் அப்படி.

சாப்பாடு? சைவம் கிடைக்குமா?

அசைவக்காரர்களுக்குக் கவலையே இல்லை. மதியம் எந்தச் சிறு உணவகத்திலும் 'கொர்ரியெந்த்தே' என்ற முழுச் சாப்பாடு உண்டு: முதலில் சூப், பிறகு சோறு, இறைச்சி, பருப்போ பீன்ஸோ, வாழைக்காய் வறுவல், ஒரு டம்ளர் பழச்சாறு. தினமும் சோறு! சூப்புகளில் 'கூச்சூக்கோ' என்ற கோதுமைக் குருணைக் கஞ்சியைத் தேடுங்கள், பன்றி முதுகெலும்பு போட்டு வேகவைத்தது. அந்தக் குளிருக்கு அதுதான் மருந்து. காரம் என்பது மேசையில் தனியாக வைக்கிற 'அஹி' சாஸில் மட்டும்தான், அதுவும் நம் நாக்குக்கு உறைக்காது.

சைவர்கள் கொஞ்சம் பாடுபட வேண்டும். 'கார்னே வேண்டாம்' என்றால் கோழி வரும், ஏனென்றால் 'கார்னே' என்பதை மாட்டிறைச்சி என்றே எடுத்துக்கொள்வார்கள். 'இறைச்சியும் இல்லை, கோழியும் இல்லை, மீனும் இல்லை' என்று மூன்றையும் சொல்ல வேண்டும்: 'நோ கோமோ கார்னே, நி பொய்யோ, நி பெஸ்காதோ'. அப்படியும் சூப் எலும்புச் சாற்றில்தான் கொதித்திருக்கும், அதை விட்டுவிடுங்கள்.

நம்பிச் சாப்பிடக்கூடியவை: போயகா அரேப்பா (மக்காச்சோள மாவுக்குள் புதுப் பாலாடைக்கட்டி வைத்துச் சுட்டது, லேசான இனிப்பு, உள்ளே இளகியிருக்கும்), அல்மொஹாபனா என்ற பாலாடைக்கட்டிப் பன். முட்டை சாப்பிடுகிறவர்களுக்குக் காலையில் 'சாங்வா' உண்டு. பாலும் தண்ணீரும் கொதிக்கவைத்து, முட்டையை உடைத்து ஊற்றி, கொத்துமல்லி தூவி, ரொட்டியை நனைத்துத் தருவார்கள். கேட்கும்போது முகம் சுளிப்பீர்கள். எனக்கும் மூன்றாம் நாள்தான் பிடித்தது. அகுவாபனேலாவுக்கு அறிமுகமே வேண்டாம், பனேலா என்பது நம் வெல்லமேதான். வெல்லத்தைக் கரைத்துச் சூடாக ஒரு கோப்பை, கூடவே ஒரு துண்டு பாலாடைக்கட்டி. அதை உள்ளே போட்டு இளகவிட்டுச் சாப்பிடுகிறவர்களும் உண்டு.

பணம் எப்படி? கார்டு போதுமா?

போதாது. விடுதி, பெரிய கடைகளில் கார்டு செல்லும். சந்தை, புசேத்தா, டாக்சி, மூலைக்கடை எல்லாம் ரொக்கம். உள்ளூர்க்காரர்கள் போனிலேயே செலுத்திவிடுவார்கள், அந்தச் செயலிகளுக்குக் கொலம்பிய அடையாள அட்டை வேண்டும் என்பதால் நமக்கு உதவாது. ஏடிஎம் இயந்திரத்தில் 50,000, 100,000 பெசோ நோட்டு வந்தால் அதைப் பேரங்காடியில் உடைத்துக்கொள்ளுங்கள். மூலைக்கடையில் நீட்டினால் சில்லறை இல்லை என்று கையை விரிப்பார்கள்.

விலைப்பலகையில் டாலர் குறி இருந்தால் பயந்துவிடாதீர்கள், அது பெசோதான். ஒரு டாலர் சுமார் 4,000 பெசோ, ஏறும் இறங்கும். வாயால் சொல்லும்போது ஆயிரத்தை விழுங்கிவிடுவார்கள். 'கின்சே' என்றால் பதினைந்து இல்லை, பதினைந்தாயிரம். கார்டைக் கொடுத்தால் 'அ குவாந்த்தாஸ் குவோத்தாஸ்?' என்று கேட்பார்கள், எத்தனை தவணை என்று. 'உனா' என்று சொல்லுங்கள். ஒரே தவணை.

பாதுகாப்பு?

அமைதியான மாணவர் நகரம், மற்ற தலைநகரங்களோடு பார்த்தால் நிம்மதியாக இருக்கலாம். என்றாலும் கொலம்பியர்களின் தாரக மந்திரத்தை மனதில் வையுங்கள்: 'நோ தார் பப்பாயா', பப்பாளியை நீட்டாதே. கையில் பப்பாளியை ஏந்திக்கொண்டு நின்றால் எவனாவது பிடுங்கத்தான் செய்வான் என்று அர்த்தம். தெருமுனையில் போனை விரித்துக்கொண்டு நிற்காதீர்கள். இருட்டியதும் மேட்டுத் தெருக்களில் தனியாக நடக்க வேண்டாம். பாஸ்போர்ட்டை அறையில் வைத்துவிட்டு நகலோடு அலையுங்கள். அவசர எண் 123.

விலாசம் புரியவில்லையே?

பழகினால் இதைவிட எளிது கிடையாது. 'கர்ரேரா 9, எண் 20-35' என்றால்: ஒன்பதாம் கர்ரேரா தெருவில், இருபதாம் 'காய்யே' குறுக்குத் தெருவிலிருந்து சுமார் 35 மீட்டர். வழி கேட்கவே வேண்டாம், எண்ணிக்கொண்டே நடக்கலாம்.

எந்தக் கிழமையில் போகக் கூடாது?

ஞாயிறு மதியத்துக்கு மேல் ஊர் வெறிச்சோடிவிடும். திங்கட்கிழமை அருங்காட்சியகங்கள் பலவும் விடுமுறை. கொலம்பியாவில் 1983-ல் வந்த ஒரு சட்டப்படி பல பண்டிகை விடுமுறைகள் அடுத்த திங்கட்கிழமைக்கு நகர்ந்துவிடும், அந்த மூன்று நாளும் சாலை நிரம்பி வழியும். செவ்வாய் முதல் வியாழன் வரை வசதி. டிசம்பர் 16-ஐ ஒட்டித் தொடங்கும் அகினால்தோ விழாவில் ஊரே இசையும் ஊர்வலமுமாக மாறிவிடும். பார்க்க வேண்டியதுதான், ஆனால் அறையை முன்கூட்டியே பிடித்துவிடுங்கள்.

பக்கத்தில் எங்கே போய்வரலாம்?

தெற்கே சுமார் 15 கிலோமீட்டரில் போயகா பாலம். 1819 ஆகஸ்ட் 7-ல் விடுதலைப் போர்த் தலைவர் சிமோன் பொலிவாரின் படை ஸ்பானியப் படையை வென்று நாட்டின் விடுதலையை உறுதி செய்த இடம். பாலம் நம் ஊர் வாய்க்கால் பாலம் அளவுதான், அதற்கு எவ்வளவு பெரிய வரலாறு என்று சிரிப்பு வரும். போகோட்டா பேருந்தில் ஏறி வழியில் இறங்கிக்கொள்ளலாம்.

வில்லா தே லேய்வா 40 கிலோமீட்டர், சிறு வண்டிகள் அடிக்கடி உண்டு. வார இறுதியில் போகோட்டாவே அங்கே வந்துவிடும் என்பதால் வாரநாளில் போங்கள். மண்பாண்ட ஊரான ராக்கிரா, வெந்நீர் ஊற்றுள்ள பைப்பா, 3,000 மீட்டருக்கு மேலே இருக்கிற தோத்தா ஏரி எல்லாம் ஒரு நாள் பயணங்கள். கைத்தையல் கால்பந்துகளுக்குப் பேர்போன மொங்கீ என்னுடைய தேர்வு. சாலையில் கூட்டம் கூட்டமாகச் சைக்கிள்காரர்களைப் பார்ப்பீர்கள். 2014-ல் இத்தாலியச் சுற்றுப் பந்தயத்தை வென்ற நைரோ கின்தானா துன்ஹாவை ஒட்டிய கோம்பித்தாக்காரர்.

என்ன வாங்கி வரலாம்?

ருவானா. நடுவில் தலை நுழைக்கப் பிளவு விட்ட சதுரக் கம்பளி, இங்கே விவசாயி முதல் பேராசிரியர் வரை போர்த்திக்கொள்வது. நொப்சா என்ற ஊர் இதற்குப் பெயர் பெற்றது. அசல் ஆட்டுரோமம் கொஞ்சம் குத்தும், ஆட்டு வாடையும் இருக்கும். பஞ்சு போல மெத்தென்றிருந்தால் செயற்கை நூல் கலந்திருக்கலாம். முதல் நாளே வாங்கிவிடுங்கள். சென்னையில் அதற்கு வேலை இருக்காது, துன்ஹா அறையில் இரவு பத்து மணிக்கு இருக்கும்.